கைத்தடி பிடித்தால் கால் பழகிவிடுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். நான்கு ஆண்டுகளாக வலி. கட்டைவிரலின் அடியிலும் வலிப்பதால் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. முழங்கால் உறை, ஹீட்டிங் பேட், தோல்வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தி வலியைக் குறைக்கும் டென்ஸ் கருவி எல்லாம் வாங்கிவிட்டேன். மருத்துவர் கைத்தடியும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். "இப்போதே தடி பிடித்தால் பிறகு அது இல்லாமல் நடக்கவே முடியாது" என்று வீட்டில் தடுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: வீட்டில் இருப்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது சரியல்ல. காலைப் பலவீனமாக்குவது தடி அல்ல. வலிக்குப் பயந்து நடையைக் குறைப்பதுதான். நடை குறைந்தால் தொடைத்தசை மெலியும். தசை தாங்க வேண்டிய சுமையும் மூட்டின்மேல் விழும். தடி ஊன்றியாவது நடப்பவருக்குத் தசை மெலியாமல் இருக்கும். எந்தக் கருவியானாலும் 'இதனால் நான் முன்பைவிடக் கூடுதலாக நடமாடுகிறேனா?' என்று பாருங்கள். ஆம் என்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

உங்களுக்கு வலி வலது காலில். தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போதே தடியும் முன்னே போக வேண்டும். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடித்து, உடலை ஒருபுறம் சாய்த்து நடந்து, இடுப்பு வலியையும் சேர்த்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உயரமும் முக்கியம். வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்புக்கு நேராகப் பிடி இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். வழுக்கி விழுந்தால் எல்லாம் வீண்.

முழங்கால் உறையை நடக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். ஹீட்டிங் பேடைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். அதன்மேல் படுத்து உறங்கிவிடாதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் அதைத் தொடவே வேண்டாம். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

டென்ஸ் கருவிக்குப் பின்னால் ஓர் அழகான கருத்து இருக்கிறது. தொடுவுணர்வு செல்லும் நரம்புகளைத் தூண்டினால், வலிச் செய்தி மூளைக்குப் போகும் வாயில் தண்டுவடத்திலேயே ஓரளவு மூடிக்கொள்ளும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதும் இதனால்தான். ஆனால் இந்தக் கருவி எல்லோருக்கும் பலன் தருவதில்லை. சில வாரம் முயன்று பாருங்கள். நடக்க உதவவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது.

கட்டைவிரலுக்கு எளிய வழிகள் போதும். மூடியின்மேல் ரப்பர் துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருகுங்கள். பேனா, கரண்டி, சீப்பு ஆகியவற்றின் பிடியை மென்மையான ஃபோம் குழாயால் தடிமனாக்குங்கள். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுங்கள். வேலை நேரத்தில் மட்டும் கட்டைவிரல் பட்டை அணியலாம்.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள கடிகார அலாரத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் ஒரேயடியாக முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவது நாள்பட்ட வலியில் வழக்கம். நின்று வேலை செய்தால் 30 நிமிடத்தில் வலி தொடங்குகிறதா? 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். வலிக்காவிட்டாலும் அது ஒலித்ததும் உட்காருங்கள். அப்படி உட்காரும்போது வலது காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து தளர்த்துங்கள்; பத்து முறை.

மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கினாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ எந்தக் கருவியையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.