பாடசாலைகளுக்குச் சீட்டு எடுத்தல்

வணக்கம். தரம் 4 பிள்ளைகளுக்கு நாளுக்கு 20 நிமிட வாசிப்புப் பயிற்சி ஒன்றைத் திருகோணமலை மாவட்டத்தில் 24 பாடசாலைகளில் பரீட்சித்துப் பார்க்கப் போகிறோம். 12க்குப் பயிற்சி, மற்ற 12 ஒப்பீட்டுக்கு. ஆர்வமுள்ள அதிபர்களிடம் பயிற்சியைக் கொடுத்தால் வேலை சுலபம் என்கிறார்கள். சீட்டுப் போட்டே ஆகவேண்டுமா? எந்தப் பாடசாலை எந்தக் குழு என்பதை ஆசிரியர்களுக்கு எப்படி மறைப்பது?

ஆசிரிய ஆலோசகர் ஒருவர், மூதூர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஆசிரியருக்கு மறைக்க முடியாது. மருந்துப் பரீட்சையில் வெறும் மாக்குளிசை கொடுக்கலாம். தான் நடத்தும் பாடம் ஆசிரியருக்கே தெரியாமல் இருக்குமா? மறைக்கக்கூடியவை வேறு: சீட்டு எடுக்கும்வரை அதன் முடிவு, பிறகு புள்ளியிடுபவரின் கண்.

ஆர்வமுள்ள அதிபரின் பாடசாலையில் உங்கள் பயிற்சி இல்லாமலே வாசிப்பு முன்னேறும். ஆகவே சீட்டுத்தான். ஆனால் 24 பெயரையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். நகரத்துப் பெரிய பாடசாலைகள் எல்லாம் ஒரு பக்கம் விழுந்துவிடலாம். நகரம், குச்சவெளிப் பக்கம், கிண்ணியா, மூதூர் என்று பகுதிக்கு ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றை எடுங்கள். கணவன் ஒரு பாடசாலையிலும் மனைவி பக்கத்துப் பாடசாலையிலும் தரம் 4 படிப்பித்தால் பயிற்சி அட்டை வீட்டு மேசையிலேயே கைமாறும். அப்படிப்பட்ட இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுங்கள். அந்தப் பகுதியில் மூன்றுக்கு மூன்று சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. எக்செலில் எழுமாற்று எண் போடுவதானால், தொட்டபோதெல்லாம் எண் மாறும் என்பதை மறக்க வேண்டாம். வந்ததை உடனே பெறுமானமாக ஒட்டிச் சேமியுங்கள். 'சரியாக விழவில்லை' என்று இரண்டாம் முறை எடுத்தால் அது சீட்டே இல்லை.

ஒழுங்கு முக்கியம். அதிபர், பெற்றோர் சம்மதம், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், ஆரம்பச் சோதனை, அதன் பிறகே சீட்டு. முதலில் சீட்டு எடுத்தால், கிடைக்காத அதிபர் விலகுவார். கிடைத்தவர் மெல்லக் கற்கும் பிள்ளையைப் பட்டியலில் விட்டுவிடுவார். ஒப்பீட்டுப் பாடசாலைகளுக்கு அடுத்த வருடம் பயிற்சி உண்டென்று எழுத்தில் கொடுத்தால் மனக்குறையும் குறையும். சீட்டு விழுந்த பிறகு ஒரு பாடசாலை பயிற்சியைச் சரியாக நடத்தாவிட்டாலும், கணக்கில் அது பயிற்சிக் குழுவிலேயே இருக்கவேண்டும்.

பலரும் தவறவிடுவது தொகை. வகுப்புக்கு 25 பேர் என்றால் 600 பிள்ளைகள். ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமை 0.2 என்று வையுங்கள் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி). வகுப்புத் தொகையில் ஒன்றைக் கழித்து, 0.2ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள்: 1 + 24 × 0.2 = 5.8. 600ஐ 5.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 103. ஒருவரையொருவர் ஒத்திராத 103 பிள்ளைகள் தரும் தகவல்தான் உங்களிடம் இருக்கிறது. வகுப்புக்கு 12 பேரை மட்டும் சீட்டில் எடுத்துச் சோதித்தால் 288ஐ 3.2ஆல் (1 + 11 × 0.2) வகுத்து 90. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை விட்டும் இழப்பு 13தான். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இருத்தி வாசிக்கவைக்கும் சோதனைக்கு இது பெரிய மிச்சம். மிஞ்சும் நேரத்தில் இன்னும் நான்கு பாடசாலைகளைச் சேர்க்கப் பாருங்கள்.

இனிப் புள்ளியிடுபவர். வெளிக் கோட்டத்திலிருந்து வரவேண்டும், குழு விபரம் அவருக்குப் போகக்கூடாது. சோதனை வகுப்பறையில் வேண்டாம். சுவரில் பயிற்சி அட்டை தொங்கினால் எல்லாம் வெளிச்சம். நூலகமோ வேறு அறையோ பாருங்கள். வாசிப்புப் பந்தி பயிற்சிப் புத்தகத்தில் வராததாக இருக்கட்டும். விடைத்தாளில் பெயருக்குப் பதில் இலக்கம், 24 கட்டுகளையும் கலந்து திருத்தல். கணக்குப் பார்ப்பவருக்குக் குழு 'அ', குழு 'ஆ' மட்டும். எது எது என்ற தாள், முடிவு எழுதும்வரை ஒட்டிய உறையில் வேறொருவரிடம்.

மறைப்பு பலித்ததா என்றும் பார்க்கலாம். வேலை முடிந்ததும், ஒவ்வொரு பாடசாலையும் எந்தக் குழு என்று புள்ளியிட்டவரை ஊகிக்கச் சொல்லுங்கள். பாதியளவு சரியென்றால் நல்லது. 24இல் 20ஐச் சரியாகச் சொன்னால் எங்கோ கசிந்திருக்கிறது. அதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.