பழைய புத்தகம், புது விதி: டி அண்ட் டி கேள்வி பதில்

கேள்வி: அக்கா, டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டின் 2014 விதிப் புத்தகமும் நாலைந்து சாகசப் புத்தகங்களும் வைத்திருக்கிறேன். 2024 விதிகள் வந்துவிட்டதே, இனி அதெல்லாம் அலமாரிக்கு அழகுதானா?

பதில்: இல்லை. ஆனால் "ஒத்துப்போகுமா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பழையதிலிருந்து எதை எடுத்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். சாகசம் என்றால் பெரிய சிக்கல் இல்லை. கதை, வரைபடம், டி.சி. எண்கள் (ஒரு செயல் வெற்றிபெறப் பகடையில் எட்ட வேண்டியவை) எல்லாம் அப்படியே ஓடும். மான்ஸ்டர் வரும் இடத்தில், எதிரிகளின் எண்களைத் தரும் 2025 மான்ஸ்டர் மேனுவலில் அதே பெயரைத் தேடி அந்த எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சப்கிளாஸ் (பாத்திர வகைக்குள் வரும் உட்பிரிவு) என்றால் கொஞ்சம் ஒட்டுவேலை உண்டு. மந்திரம் என்றால் புதிய புத்தகத்தில் இருப்பதுதான் செல்லும். ஒரு மேசையில் ஒரு மந்திரத்துக்கு ஒரே வடிவம். இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2014 தொடக்கப் பெட்டியில் வரும் சாகசத்தைப் புது விதியில் நடத்தப்போகிறேன். முதல் சண்டையே நான்கு காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) பதுங்கியிருந்து தாக்குவது. பழைய விதியில் அதிலேயே பல குழுக்கள் செத்திருக்கின்றன. இப்போது எப்படி?

பதில்: அருமையான கேள்வி. இந்த ஒரு சண்டையை வைத்தே மொத்த மாற்றத்தையும் காட்டிவிடலாம்.

முதலில் எதிர்பாராத தாக்குதல். பழைய விதியில் திகைத்துப்போன ஆள் முதல் டர்னில் (தன் முறை வரும்போது) நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. காப்ளின்கள் ஒரு சுற்று இலவசமாக அடித்துவிடும். புது விதியில் யார் முதலில் என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் பகடையை டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுப்பது) உருட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் காப்ளினும் தேறியிருக்கிறது. பழையதற்கு ஹெச்.பி. (உயிர்ப் புள்ளிகள்) 7. புதிய காப்ளின் வாரியருக்கு 10. அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) அடித்தால் வழக்கமான 1டி6+2க்கு (ஆறு பக்கப் பகடை ஒன்று, கூட 2) மேல் இன்னொரு 1டி4 சேரும். பதுங்கியிருந்து அம்பு விட்டாலே அட்வான்டேஜ்தானே? ஆக முதல் அம்பே 12 வரை போகலாம். முதல் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதி) ஹெச்.பி. 8 இருந்தாலே அதிகம்.

அடுத்து ஸ்லீப் என்ற தூக்க மந்திரம். பழைய வடிவத்தில் 5டி8 உருட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குள் அடங்கும் ஹெச்.பி. உள்ளவையெல்லாம் தூங்கிவிடும். சராசரி 22 வரும். ஏழு ஏழாக மூன்று காப்ளின் என்றால் 21. ஒரே மந்திரத்தில் சண்டை முக்கால்வாசி முடிந்தது. புது ஸ்லீப்பில் ஒவ்வொன்றும் விஸ்டம் சேவ் (மந்திரத்திலிருந்து தப்ப ஒரு பகடை) உருட்டும். தோற்றாலும் உடனே தூங்காது, இரண்டாவது சேவிலும் தோற்றால்தான் தூக்கம். இங்கே ஒரு ஆட்டக்காரர் பழைய ஸ்லீப்பை வைத்துக்கொண்டு புது காப்ளினோடு மோதினால் யாருக்கும் கணக்கு சரியாக வராது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு மந்திரத்துக்கு ஒரே வடிவம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. காப்ளின் இப்போது ஹ்யூமனாய்டு (மனித வகை) இல்லை, ஃபே (மாய உலக உயிர்). மனித வகையின் மேல் மட்டும் வேலை செய்யும் சார்ம் பர்சன், ஹோல்டு பர்சன் மந்திரங்கள் அதன் மேல் பலிக்காது. கேம்பெயின் தொடங்குமுன் ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள், நடுச்சண்டையில் சொன்னால் திட்டுவார்கள்.

கடைசியாக, சண்டையின் கடுமை. 2014 டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் எதிரிகளின் எண்ணிக்கைக்கு ஒரு பெருக்கல் உண்டு. நான்கு காப்ளின், தலா 50 எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளிகள்), மொத்தம் 200. இரண்டால் பெருக்கினால் 400. முதல் லெவலில் நான்கு பேருக்கு அது சரியாக "டெட்லி" எல்லை. 2024 கையேட்டில் பெருக்கலே இல்லை. அதே 200 எக்ஸ்.பி. நான்கு பேருக்கு "லோ". ஒரே புதர், அதே நான்கு காப்ளின். ஒரு புத்தகம் உயிர் போகும் என்கிறது, இன்னொன்று சும்மா என்கிறது. என் கணிப்பில் உண்மை நடுவில் இருக்கிறது. முதல் சண்டைக்கு மூன்று காப்ளின் போதும்.

கேள்வி: பழைய கிளெரிக் டொமைனை (பூசாரிப் பாத்திரத்தின் சப்கிளாஸ்) புது கிளெரிக்கோடு சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். 2024இல் எல்லா சப்கிளாஸும் மூன்றாம் லெவலில்தான் தொடங்கும். பழைய டொமைன் முதல், இரண்டாம் லெவலில் கொடுத்ததையெல்லாம் மூன்றில் மொத்தமாகக் கொடுங்கள். தையல் தெரியும் இடம் இரண்டு. கனமான கவசம் தரும் பழைய டொமைனை எடுப்பவர், முதல் லெவலிலேயே புது கிளெரிக்கின் புரொடெக்டர் என்ற தேர்வை எடுத்தால் அதே கவசப் பயிற்சி இரண்டு முறை வரும். வேறு தேர்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பழைய டொமைன்கள் எட்டாம் லெவலில் தரும் கூடுதல் அடியைப் புது கிளாஸே ஏழாம் லெவலில் தந்துவிடுகிறது. இரண்டும் கிடையாது, ஒன்றுதான். புத்தகமே அப்படித்தான் சொல்கிறது.

கேள்வி: பழைய பேக்கிரவுண்டை (பாத்திரத்தின் முன்கதை) புது விதியில் எப்படிச் சேர்ப்பது?

பதில்: ஒரு ஏபிலிட்டிக்கு (வலிமை, அறிவு போன்ற அடிப்படைக் குணம்) 2, இன்னொன்றுக்கு 1, அல்லது மூன்றுக்குத் தலா 1 கூட்டுங்கள். கூடவே ஒரு ஆரிஜின் ஃபீட் (தொடக்கத் தனித்திறன்). பழைய இனம் தந்த ஏபிலிட்டி கூட்டலை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 2014 புத்தகங்களை விற்றுவிடலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எங்கள் மேசையில் ஒருவர் 2014 பாலடின் (புனிதப் போர்வீரர்), இன்னொருவர் 2024 ஃபைட்டர். வெளியீட்டாளர்களே பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் என்கிறார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

பதில்: ஓடும். நன்றாக ஓடுமா என்பது வேறு. பழைய பாலடின் அடி விழுந்த பிறகு ஸ்மைட்டை (கூடுதல் புனிதச் சேதம்) சேர்க்கலாம், ஒரே டர்னில் இரண்டு அடிக்கும் இரண்டு ஸ்மைட். புதியதில் அது ஒரு மந்திரம், போனஸ் ஆக்‌ஷன் (டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு செயல்) வேண்டும், டர்னுக்கு ஒன்றுதான். பக்கத்தில் இன்னொருவர் புது பாலடினோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்?

அதே நபர்: புது பாலடினுக்கு வெப்பன் மாஸ்டரி (ஆயுதத் தனித்திறன்), தினம் ஒரு இலவச ஸ்மைட், போனஸ் ஆக்‌ஷனில் லே ஆன் ஹேண்ட்ஸ் (தொட்டுக் குணமாக்குவது) எல்லாம் இருக்கிறதே. கணக்குப் பார்த்தால் சரிக்குச் சரி.

பதில்: சேதக் கணக்கில் ஏறக்குறைய சரி, ஒப்புக்கொள்கிறேன். என் கவலை சேதம் இல்லை. எதிரி கவுன்டர்ஸ்பெல் (மந்திரத்தைக் கலைக்கும் மந்திரம்) போட்டால் புது பாலடினுடைய ஸ்மைட் கலையலாம், பழையவருடையது கலையாது. அதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருப்பது டி.எம். தலையில் விழுகிறது.

வேறொருவர்: குறுக்கிடுகிறேன். "சேர்ந்து ஓடும்" என்பதே விற்பனைப் பேச்சு. 2024 ஆகஸ்டில் டி அண்ட் டி பியாண்டு என்ற இணையக் கருவியில் பழைய மந்திரங்களையும் மாயப் பொருள்களையும் புதியதாக மாற்றிவிடப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும்தானே பின்வாங்கினார்கள்?

பதில்: நடந்தது உண்மை, கோபமும் நியாயம். காசு கொடுத்து வாங்கியதை ஒருவர் கேட்காமல் மாற்றக்கூடாது. ஆனால் கருவியில் பழைய மந்திரம் இருப்பது ஒரு விஷயம், மேசையில் இரண்டும் ஒன்றாக ஓடுவது இன்னொரு விஷயம். உங்கள் குழு முழுக்க 2014இலேயே இருங்கள், யாரும் தடுக்கவில்லை. பாதிப் பாதி வேண்டாம் என்கிறேன்.

முதல் நபர்: நாங்கள் ஒரு வருடமாக அப்படித்தான் ஆடுகிறோம், ஒன்றும் குடி முழுகவில்லை.

பதில்: மகிழ்ச்சி. உங்கள் டி.எம்.முக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம், இதிலேயே பாதி நேரம் போய்விட்டது.

கேள்வி: இது டி அண்ட் டி 3.0 பதிப்பிலிருந்து 3.5க்குப் போனது போலத்தானா?

பதில்: ரொம்பவே. 2000இல் ஒன்று, 2003இல் திருத்தம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஹேஸ்ட் என்ற வேக மந்திரத்தில் காலை வாரும். 3.0 ஹேஸ்டில் ஒரே டர்னில் இரண்டு மந்திரம் போடலாம்; 3.5இல் கூடுதலாக ஓர் ஆயுத அடி மட்டும். சின்னச் சின்ன மாற்றங்களே அதிகம் குழப்பும். 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது இந்தக் குழப்பமே இல்லை. எதுவுமே ஒட்டாது என்று எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் ரீமாஸ்டர் (திருத்திய விதிகள்) எப்படி?

பதில்: 2023 நவம்பரில் தொடங்கியது. அலைன்மென்ட்டும் (பாத்திரம் நல்லதா கெட்டதா என்ற முத்திரை) மந்திரப் பள்ளிகளும் (மந்திர வகைகள்) போய்விட்டன, பழைய சாகசங்கள் ஓடுகின்றன. அதற்கு மேல் அதை ஆடுபவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் விளையாட்டின் 6ஆம் பதிப்புக் கதையை 7இல் நடத்தலாமா?

பதில்: ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி போன்ற குணங்களை ஐந்தால் பெருக்குங்கள். 12 என்றால் 60. முக்கால்வாசி வேலை முடிந்தது.

கேள்வி: அக்கா, பழைய சாகசங்கள் புது விதியில்...

பதில்: முதல் பதில், தம்பி. முதல் பதில்.

கேள்வி: பழைய சாகசத்தில் ஓர்க் (முரட்டு எதிரி இனம்) கூட்டம் வருகிறது. 2025 மேனுவலில் ஓர்க்கையே காணோம்!

பதில்: ஆமாம், அதில் இல்லை. 2014 எண்களையே வைத்துக்கொள்ளுங்கள்: ஏ.சி. (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 13, ஹெச்.பி. 15, கோடரிக்கு 1டி12+3. முதல் லெவல் ஆட்களுக்கு அந்தக் கோடரி இன்றும் தாராளம்.