வேலூர் வெயிலுக்குப் பயந்து கோடை முழுவதும் ஏலகிரியில் தங்கலாமா?

கேள்வி: வேலூரில் இருக்கிறோம். பள்ளி விடுமுறை முழுவதும் ஏலகிரியில் வீடு பிடித்துத் தங்கலாம் என்று யோசனை. வெயில் உண்மையிலேயே குறையுமா? ஒரு மாதத்துக்கு அங்கே என்ன இருக்கிறது? மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் கூட வருவார்கள்.

தாராளமாகத் தங்கலாம். ஆனால் பகல் முழுக்கக் குளுகுளுவென்று இருக்கும் என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள். ஏலகிரியில் நமக்குக் கிடைப்பது ராத்திரி. அது போதும் என்றால் கொடுத்த வாடகை வீண்போகாது.

நாங்கள் குடியாத்தம். சில வருஷங்களுக்கு முன்பு ஏப்ரல் கடைசியில் ஏறி, பள்ளி திறக்கிற சமயத்தில் இறங்கினோம். நான், அத்தை, பிள்ளைகள். கணவருக்குச் சென்னையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். உங்கள் வீட்டு நிலவரம்தான் ஏறக்குறைய எங்களுக்கும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வெயில். வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே: அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை. கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் ஒருமுறை கரைபுரண்டு காட்டியது. ஆனால் கோடையில் அந்தக் கடைசி இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன, நம் புழுக்கத்துக்கு அவையும் ஒரு காரணம். மொட்டைப் பாறையும் ஆற்று மணலும் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் திருப்பித் தருகின்றன. சென்னைக்கு மதியத்திலேயே எட்டிப் பார்க்கிற கடல்காற்று நம் பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், பாதி நாள் வருவதேயில்லை. கத்திரி வெயிலில் ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றினால் ஆவி பறக்கிற ஊர் இது.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. வேலூரே கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல் இருப்பதால், மேலே போனால் ஐந்தாறு டிகிரி குறையும், அவ்வளவுதான். கீழே 41 என்றால் மேலே 35. மே மாதம் நண்பகலில் அத்தனாவூர் கடைத்தெருவில் நடந்தால் வேர்க்கத்தான் வேர்க்கும். 'ஏழைகளின் ஊட்டி' என்று யார் பெயர் வைத்தார்களோ, மதியம் ரெண்டு மணிக்கு அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வைத்திருக்கலாம்.

ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஊரே வேறு. காற்று மாறும். எட்டு மணிக்கு ஃபேன் தேவைப்படாது. விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளைகள் தாங்களாகவே போர்வையை இழுத்துக்கொள்வார்கள். கீழே மே மாதத்தில் ராத்திரி நாலுமுறை எழுந்து முகம் கழுவுகிற அத்தை, அங்கே காலைவரை அசையாமல் தூங்கினார். ஒரு வீட்டில் எல்லோரும் ஒழுங்காகத் தூங்கி எழுந்தால் பகலில் சண்டை பாதியாகக் குறைகிறது, இதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏழுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயர், ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். பாரி, காரி, ஓரி, பேகன், ஆய், அதியமான், நள்ளி என்று பெரியவன் பஸ் ஜன்னலில் தலையை நீட்டிப் படித்துக்கொண்டே வந்தான், பரீட்சைக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் நிற்காதது பெட்ரோல் வாசத்தோடு மனப்பாடம் ஆகிவிட்டது. சின்னவள் கம்பர் வளைவிலேயே வாந்தி. எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட 'என்ன இருக்கிறது'. சுற்றுலாக்காரர்கள் பார்க்கிறதெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிடும். புங்கனூர் ஏரியில் படகு, பக்கத்தில் பூங்கா, முருகன் கோயில், மங்களம் வழியாகச் சுவாமிமலை உச்சி, நிலாவூர் ஏரி. சுவாமிமலை ஏற்றம் மட்டும் நிஜமாகவே நல்ல அனுபவம், விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். மற்றவை ஒருமுறைக்கு மேல் தாங்காது. மூன்றாம் நாள் காலையில் பிள்ளைகள் "இன்னிக்கு எங்க போறோம்?" என்று கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. மாதக்கணக்கில் தங்குவது அங்கிருந்துதான் ஆரம்பம்.

அத்தனாவூர்தான் கடைத்தெரு, பஸ், ஓட்டல், எல்லாம். வீடு அங்கே எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து சென்னை, பெங்களூர் கார்கள் வந்து அடைத்துக்கொள்ளும். ஞாயிறு மதியம்வரை ஒரு டீ குடிக்கக்கூட வரிசை. நாங்கள் நிலாவூர்ப் பக்கம் எடுத்தோம். மலையின் மேல் சின்னச் சின்னதாகப் பதினான்கு கிராமங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள், கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ்தான் பேசுகிறார்கள், முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கார அக்காவுக்குப் பின்புறம் பலாமரங்கள். நாங்கள் இருந்த சமயம் பழுத்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்று வெட்டினால் தெருவில் பாதிப் பேருக்குப் போகும், நமக்கும் வரும். சாமையும் கேழ்வரகும் அவர்களிடமே வாங்கினோம். அத்தைக்குக் களி கிண்ட ஆள் கிடைத்த சந்தோஷம். இருவரும் கீரை கடைந்துகொண்டு உட்கார்ந்தால் மதியம் போவதே தெரியாது.

முதல் வாரம் அப்படி இல்லை. "இன்னாடி ஊரு இது, ஏழு மணிக்கே அடங்கிப் போவுது. ஒரு சீரியல் சத்தம்கூடக் கேக்கல" என்று அத்தை புலம்பினார். பிள்ளைகளும் போன் சிக்னல் தேடி வரப்பெல்லாம் அலைந்தார்கள். அந்த வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். எல்லோரும் ஐந்தாம் நாள் மூட்டை கட்டுவது அதில்தான். அப்புறம் பெரியவன் பக்கத்து வீட்டுப் பையனோடு ஆடு ஓட்டப் போனான், சின்னவள் அக்காவோடு காட்டு ஓரம் சுள்ளி பொறுக்கப் போனாள். தினம் ஒரே வழி, ஒரே பாறை. அதில் அவர்களுக்குச் சலிக்கவேயில்லை. பெரியவர்களாகிய நமக்குத்தான் தினம் ஒரு 'ஸ்பாட்' வேண்டியிருக்கிறது.

அந்த ராத்திரிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. மேகமில்லாத நாளில் நட்சத்திரம் அப்படித் தெரியும். மே நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கு மறைப்பில்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே சின்னதாகத் தென்சிலுவை தெரியும், திரிசங்கு என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் சொல்வது. வடநாட்டில் பெரும்பகுதிக்குக் கிடைக்காத காட்சி. நாம் இவ்வளவு தெற்கே இருப்பதால் கிடைக்கிறது.

இதே காரணத்தால்தான் பக்கத்து ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி, காவலூரில் வானாய்வகம் வைத்தார்கள். இருட்டான வானம், தென்கோள நட்சத்திரங்களும் கைக்கெட்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் வானியலாளர் வைணு பாப்பு. தன் கனவான 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்காமலேயே 1982இல் இறந்துவிட்டார். அது 1986இல் இயங்கத் தொடங்கியபோது அவர் பெயரையே வைத்தார்கள். 1988இல் அங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர், எண் 4130. சனிக்கிழமை மாலையில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள், கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய தொலைநோக்கியைச் சுற்றிக் காட்டுவார்கள், வானம் தெளிந்திருந்தால் சின்னதில் கண் வைத்துப் பார்க்கலாம். ஏலகிரியிலிருந்து இறங்கி வாணியம்பாடி வழியாகப் போக வேண்டும், திரும்ப நேரமாகிவிடும், வண்டி பேசிக்கொண்டு போவது நல்லது. ஒரு சனிக்கிழமை என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனோம். நம்ம ஜில்லாவில் இப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது! (பழைய வட ஆற்காட்டைச் சொல்கிறேன். ஏலகிரியும் காவலூரும் 2019இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம்.)

ஜலகாம்பாறை அருவியைப் பற்றியும் யாராவது ஆசை காட்டுவார்கள். கோடையில் அது வெறும் பாறை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு திருப்பத்தூர் வழியாகப் போய்ப் பாருங்கள். நிலாவூரிலிருந்து காட்டு வழி இருக்கிறது என்று சொல்லி யாராவது கூப்பிட்டால், வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். மார்ச்சிலிருந்து புல் காய்ந்து கிடக்கும், சில ராத்திரிகளில் எதிர்ச் சரிவில் தீ வரிசையாக ஏறுவது நம் வாசலிலிருந்தே தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது நினைவிருக்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

மே இரண்டாம் பாதியில் சாயங்கால இடிமழை வரும். ரசிக்கலாம், ஆனால் கரண்ட் போய்விடும், சில நாள் மறுநாள்தான் வரும். மெழுகுவர்த்தி, பவர் பேங்க் கைவசம் வேண்டும். குரங்குத் தொல்லையும் உண்டு. "ஜன்னல முழுசா தொறந்து வெக்காத கண்ணு, விடியக்காலையில வந்து நிக்கும்" என்று வீட்டுக்கார அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். சமையல்கட்டுக் கதவுக்கும் அதே சட்டம்.

போக்குவரத்து சுலபம். காட்பாடியிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து மலை இருபது கிலோமீட்டர்தான். திருப்பத்தூரிலிருந்து பஸ் உண்டு, பாதை பொன்னேரியில் ஏற ஆரம்பிக்கும். சென்னையிலிருந்து சாயங்காலம் கிளம்புகிற ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்றொரு ரயிலே இருக்கிறது. வழக்கமாக வழியில் இறங்கிவிடுகிற என் கணவர், அந்தக் கோடையில்தான் அதில் கடைசி ஸ்டேஷன்வரை வந்தார். ஜோலார்பேட்டையில் இறங்கும்போது ராத்திரியாகிவிடும், அந்த நேரத்தில் மலைக்குப் பஸ்ஸை நம்பக்கூடாது. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரைப் பற்றி: மூட்டுவலி இருந்தால் சரிவில் கட்டிய வீடு வேண்டாம், அங்கே பல வீடுகளுக்கு வாசலுக்கே பத்துப் படி. தினசரி மாத்திரைகளைக் கீழேயே மொத்தமாக வாங்கிவிடுங்கள். பெரிய வைத்தியம் எதுவானாலும் திருப்பத்தூருக்கு இறங்க வேண்டும், அதற்கு மேல் என்றால் வேலூர் சி.எம்.சி.தான். இதய நோய், மூச்சிரைப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். எங்கள் அத்தைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கவலை எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்துக்காரர் எவரும் வெளியூரில் இருக்க மாட்டார், அதனால் முதல் நாள் இறங்கினோம். திருவிழாக் கூட்டம், மேளம், எரிக்கிற வெயில். சிரசு பார்த்துக் கும்பிட்டு முடித்த கையோடு, "திருப்பத்தூர் பஸ் எத்தினி மணிக்குடி?" என்று கேட்டவரும் அத்தைதான்.

கடைசியாக வீடு. போனில் பேசினால் நாள் வாடகைதான் சொல்வார்கள், வாரக் கடைசிக்கு அது தனி ரேட். மாத வாடகை வேண்டுமென்றால் மார்ச்சில் ஒரு நாள், சனி ஞாயிறு இல்லாமல், நேரில் போங்கள். சுற்றுலா விடுதியைவிட ஊருக்குள் காலியாக இருக்கும் வீடுகளாகப் பாருங்கள், கடைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வியூ எப்படி என்று பார்ப்பதற்கு முன்பு குழாயைத் திறந்து பாருங்கள். மே மாதத்தில் பல போர்வெல்கள் தண்ணீருக்குப் பதில் காற்றை விட ஆரம்பிக்கும், டேங்கர் வாங்கினால் காசு யாருடையது என்பதை அப்போதே பேசிவிடுங்கள். அப்புறம் கிழக்கு பார்த்த படுக்கையறையாக எடுங்கள். மேற்கு அறை சாயங்கால வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்பது மணிவரை புழுங்கும்.