பெரிய பூட்ஸ் வேண்டாம்

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை ஊரான சென்ட் ஃபுவாவில் பனிச்சறுக்கு தொடங்கிய இரண்டாம் நாளே முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருக்கிறேன், ஒரு அளவு பெரிய பனிச்சறுக்கு பூட்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால்தான் பெரும்பாலும் இந்த வலி வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் போய் இடிக்கும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அப்புறம் அந்த இரண்டு ஜோடி சாக்ஸ்! மெல்லியதாக ஒன்று போதும். (நானும் குளிருக்குப் பயந்து இரண்டு போட்டு, விரல் மரத்துத் திரும்பியவன்தான்.) வாடகைக் கடையில் சொன்னால் பொதுவாக மாற்றித் தருவார்கள்.

வலி தணியும்வரை 1,550 மீட்டர் உயரத்தில், ஊரை ஒட்டிய பச்சைத் தடத்திலேயே (மிக எளிதான தடம்) இருங்கள். சின்ன ஊர்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பக்கத்திலுள்ள பெரிய பனிச்சறுக்கு ஊரான வால் திசேரிலிருந்து ஆட்கள் இங்கே வருவதே தடத்துக்கு வெளியே உள்ள செங்குத்துச் சரிவுகளுக்காகத்தான்.