டெர்மினலில் எதைக் கொடுத்தாலும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வருகிறது, ஓஎஸ்ஸை மறுபடி போட வேண்டுமா?

வேண்டாங்க. செட்டிங் ஃபைலில் ரெண்டு வரி சேர்த்தேன், அதுக்கப்புறம் எல்எஸ் (ஃபோல்டரில் இருக்கறதைக் காட்டற கமாண்ட்), கிட் (கோடு மாற்றங்களைப் பதிவு வைக்கற கமாண்ட்) எதுவும் ஓடலைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் இதேதான் நடந்துது.

அப்போ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பேக்கிங் லிஸ்ட் ஃபோல்டருக்கு அடிக்கடி போகணும்னு, டாட் இசட்எஸ்ஹெச்ஆர்சிங்கற (.zshrc) செட்டிங் ஃபைலில் பாத்னு (path) சின்ன எழுத்தில் ஒரு வேரியபிள் வச்சு அந்த முகவரியை எழுதினேன். புது விண்டோ திறந்தா எல்எஸ் காணோம், விம்ங்கற எடிட்டர் காணோம். சாயங்காலம் லோடு ஏறணும், கை நடுங்குது. பக்கத்து சீட் அண்ணன், "சித்த பொறுங்க தம்பி, சிடி (cd) கமாண்ட் போட்டுப் பாருங்க"ன்னார். சிடி ஓடுச்சு. எக்கோவும் ஓடுச்சு. "அப்ப ஷெல், அதான் நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டறது, நல்லாத்தான் இருக்குது. வெளிய இருக்கற புரோகிராம் எங்கிருக்குன்னுதான் அதுக்குத் தெரியல"ன்னார்.

சிடி, எக்கோ ரெண்டும் ஷெல்லுக்குள்ளேயே இருக்கு. எல்எஸ் தனி ஃபைல். பெரிய எழுத்து பாத்தில் (PATH) உள்ள ஃபோல்டர்களில்தான் ஷெல் அதைத் தேடும். பாஷ்ங்கற ஷெல்லில் சின்ன எழுத்து பாத் சாதாரணப் பெயர். இசட்ஷெல்ங்கற (zsh) இன்னொரு ஷெல்லில் ரெண்டையும் சேர்த்துக் கட்டியிருக்காங்க, ஒண்ணை மாத்தினா இன்னொண்ணும் மாறிடும். 2019-இல் மேக் ஓஎஸ்ஸின் கேட்டலினா பதிப்பு வந்ததிலிருந்து மேக்கில் இசட்ஷெல்தான் தானா வர்ற ஷெல். பாஷுக்கு எழுதின வரியை அப்படியே ஒட்டுறவங்க இதில் மாட்டிக்கறாங்க.

முதல்ல அந்த விண்டோவிலேயே பெரிய எழுத்தில் பாத், சமக்குறி, ஸ்லாஷ் யுஎஸ்ஆர் ஸ்லாஷ் பின், முக்காற்புள்ளி, ஸ்லாஷ் பின்னு இடைவெளி இல்லாம அடிங்க (PATH=/usr/bin:/bin). எல்எஸ் திரும்பி வந்துடும். உடனே செட்டிங் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துக்கோங்க. அப்புறம் நானோங்கற எடிட்டரில் திறந்து, சேர்த்த வரிகள் ஓடாம இருக்க முன்னால ஹேஷ் (#) போட்டு, புது விண்டோ திறந்து பாருங்க. நான் சின்ன எழுத்து பாத்தை ஆர்டர்பாத்னு மாத்தினேன், அவ்வளவுதான்.

மேற்கோள் குறி விட்டுப்போனதுன்னா இசட்எஸ்ஹெச் மைனஸ் என் (zsh -n) அடிச்சு, பின்னால அந்த செட்டிங் ஃபைல் பேரைக் கொடுங்க; ஓட்டாம எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துச் சொல்லும். அது காட்டற வரி எண்ணுக்கு மேலேயும் தேடுங்க, பிழை பெரும்பாலும் அங்கதான் இருக்கும். இசட்ஷெல்லுக்கான செட்டிங் தொகுப்பான ஓ மை இசட்ஷெல் வச்சிருந்தா பிளகின் பட்டியலில் கமா இருக்கான்னு பாருங்க. நடுவில் வெறும் இடைவெளிதான் வரணும்.

அப்படியும் சரியாகலைன்னா அந்த ரெண்டு வரியையும் இங்கே போடுங்க, பார்த்துடலாம்.