கயிறு கட்டி வீடு சேர்ந்த வண்டி

அன்புள்ள ஐயா,

1950களில் தயாரான என் தந்தையாரின் காரை இரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு பகல்பொழுதுப் பயணத்தின் நடுவே ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பருத்திக் கயிற்றை முறுக்கி மூன்று புல்லிகளையும் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். இருமுறை நழுவியபோதும் வீடு வந்து சேர்ந்தேன். பழைய கார்கள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இத்தகைய வண்டியைக் கயிறு கட்டி ஓட்டுவது அதை அவமதிப்பதாகும், வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்கிறார். தங்கள் கருத்து என்ன?

வாசகர் ஒருவர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அவமதிப்பு என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணமே வழியோரப் பழுதுபார்ப்பினால்தான் நிறைவேறியது. 1888 ஆகஸ்டில், மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றபோது, அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தம் தொப்பி ஊசியால் குத்திச் சீராக்கினார். தேய்ந்துபோன மரத் தடைக்கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்கச் செய்தார். அந்த வண்டியை அவரைவிட மதித்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: அறுந்த பொருள் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, அதில் எந்தப் பகுதி வீடு சேரும்வரை இன்றியமையாதது? உங்கள் பெல்ட் ஃபேனையும் தண்ணீர் பம்பையும் பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவையும் சேர்த்துச் சுழற்றுகிறது. டைனமோ நின்றுபோனாலும் பகலில் கவலையில்லை. பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பழைய வண்டியில், பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் ஏறத்தாழ 3 அல்லது 4 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் என்பதால், விளக்குகளைப் போடாத வரையில், நல்ல நிலையிலுள்ள பேட்டரி ஒன்றே பல மணி நேரம் வண்டியை ஓட்டிவிடும். ஆகவே டைனமோவை விட்டுவிட்டு, இன்ஜின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியையும் பம்ப் புல்லியையும் மட்டும் இணைத்துக் கட்டியிருந்தால், சுமை குறைந்து கயிறும் இவ்வளவு நழுவியிருக்காது. லாரி ஓட்டுநரின் கைவேலையில் நான் மாற்றச் சொல்வது இதை மட்டுமே.

கைவேலையைவிட நோயறிதலே கடினம் என்பதற்கு, சூடேறியதும் நின்று ஆறியதும் கிளம்பும் வண்டியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கிறது என்று எல்லோரும் உடனே பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். அது உண்மையாகவே ஆவியடைப்பாக இருந்தால் துணி உதவும். ஆனால் பாயிண்ட் திறக்கும்போது அதில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் கெட்டுப்போனாலும் அதே அறிகுறியைத்தான் காட்டும். பெட்ரோல் கசிவும் வாடையும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரிலேயே மாட்டி, இன்ஜின் உலோகத்தின் மேல் கிடத்தி, இன்ஜினைச் சுழற்றிப் பாருங்கள். பொறி மஞ்சளாக, மெலிந்து விழுந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். பழையதன் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள வேறு கண்டன்சரை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியிலேயே, காயிலில் பாயிண்டுக்குச் செல்லும் முனைக்கும் வண்டியின் உலோகத்துக்கும் இடையில் இணைத்தால் போதும். பாயிண்ட் இடைவெளி நகர்ந்திருந்தால், அளவுத்தகடு இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டு ஒன்றின் தடிமன் வீடு சேரப் போதுமானது.

ரேடியேட்டர் சிறிதாக ஒழுகினால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியை முதல் பிடிப்பு வரை தளர்த்தி வைக்கலாம். அழுத்தம் சேராததால் ஒழுகல் குறையும். ஆனால் அழுத்தம் இல்லாத தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், மெதுவாக ஓட்டி, அடிக்கடி நிறுத்த வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். அவசரத்தில் இதை மறப்பவர்கள் பலர்.

பம்ப் கெட்டபோது பெட்ரோல் பாட்டிலை இன்ஜினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சாமர்த்தியம் என்று சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் ஒரு குலுக்கலில் அது தீவிபத்தாகிவிடும். பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றிலும் வழியோர உத்திகளுக்கு இடமில்லை. பெர்த்தாவின் தோல்பட்டை, மெல்ல ஊர்ந்த வண்டியில் கண்ணெதிரே தெரிந்த ஒரு கட்டைக்கு அடித்தது. உங்கள் காரைப் போன்ற பலவற்றில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளுக்கும் ஒரே ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) இணைப்புதான். ஓரிடத்தில் எண்ணெய் போனால் எல்லாமே போய்விடும். அத்தகைய நாளில் உங்கள் நண்பர் சொல்வதே முற்றிலும் சரி.

அவர் சொல்லாத தவறு ஒன்றை நான் செய்திருக்கிறேன். சாவி சுவிட்ச் பழுதானபோது பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு கம்பியை இழுத்து வீடு வந்தேன்; வந்த களைப்பில் அதைக் கழற்றவில்லை. பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்ததால் இரவு முழுவதும் காயிலில் மின்சாரம் பாய்ந்தது. காலையில் காயில் கருகிக் கிடந்தது, பேட்டரியும் வற்றியிருந்தது. அன்றிலிருந்து, வழியில் எதைக் கட்டினாலும் ஸ்டியரிங்கில் ஒரு துணித்துண்டை முடிந்துவைக்கிறேன். கட்டியதை அவிழ்க்கும்வரை அந்த முடிச்சையும் அவிழ்ப்பதில்லை.

உங்கள் வண்டியில் அந்தக் கயிறு இன்னும் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். புல்லிகளின் பள்ளங்களில் நூல் சிக்கியிருக்கிறதா, தண்ணீர் பம்ப் ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு புதிய பெல்ட்டை மாட்டுங்கள். இன்னொரு பெல்ட்டையும் ஒரு கண்டன்சரையும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்