‘உங்க இஷ்டம்’ என்கிறாள் மகள்

வணக்கம் மேடம்,

எனக்கு 42 வயது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். கணவர் வீட்டை ஒட்டி நான்கு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார். ஒரே மகள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். இந்த ஆண்டு பிளஸ் டூ. கணிதம் 82, இயற்பியல் 88, வேதியியல் 85. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 168.5 வருகிறது.

என் தம்பி சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். விவரம் தெரிந்தவன் என்பதால் கவுன்சிலிங் விண்ணப்பத்தை அவனே போட்டுக்கொடுத்தான். அவனுடைய மெயில், அவனுடைய போன் நம்பர். பாஸ்வேர்டும் அவனிடம்தான் இருக்கிறது. போன வாரம் வீடியோ காலில் வந்து, எந்தக் கல்லூரிகளை எந்த வரிசையில் போடுவது என்று எக்செல்லில் தயார் செய்து வைத்திருந்ததை வாசித்தான். 62 வரி. கிட்டத்தட்ட எல்லாமே கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. ஒவ்வொன்றுக்கும் இவள் ‘ம்’ என்றாள். கடைசியில், “வேற ஏதாவது சேக்கணுமாம்மா?” என்று கேட்டான். “உங்க இஷ்டம் மாமா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் கேட்டாலும் அதே பதில்தான். டாக்டருக்குப் படிக்கிறாயா, டீச்சருக்குப் படிக்கிறாயா, என்னதான் வேண்டும் என்று கேட்டால் ‘உங்க இஷ்டம்’. அன்று ராத்திரி ஒரு தறி நின்றுவிட்டது. அவள் அப்பா எழுந்திருப்பதற்குள் இவள் போய், அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டு ஓடவிட்டு வந்தாள். அதில் இருக்கும் அக்கறையில் பாதி படிப்பில் இருந்தால் போதாதா? தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டாளாம். கணக்கில் இன்னும் பத்து மார்க் எடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லையே என்று நான் அடிக்கடி சொல்வது உண்மைதான்.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2001-ல் நானும் நுழைவுத் தேர்வு எழுதி, அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கவுன்சிலிங் வரச்சொல்லித் தபால் வந்து, சென்னைக்கு யார் கூட்டிப்போவது, பெண் பிள்ளையை எங்கே தங்கவைப்பது, பஸ்ஸுக்கும் முதல் தவணைக்கும் யாரிடம் கடன் கேட்பது என்று அப்பாவும் பெரியப்பாவும் திண்ணையில் பேசிப் பேசியே அந்தத் தேதி போய்விட்டது. அந்தத் தபால் இன்னும் என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு வெளியூர் கல்லூரியின் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். பத்தாயிரம் அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் கொடுத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதியாம். கொடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார் கணவர். இன்னும் சில நாளில் ரேங்க் லிஸ்ட் வந்துவிடும். இவளை எப்படிப் பேசவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஏஜெண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை யாரிடமும் கொடுக்காதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது, ஏஜெண்டுகளுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? ரேங்க் லிஸ்ட் வருவதற்கு முன்னால் ‘சீட் உறுதி’ என்று ஒருவர் சொன்னால் அது நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டாகத்தான் இருக்கும். கவுன்சிலிங்கில் அதே கல்லூரியே கிடைக்கக்கூடிய பிள்ளைக்கு அதிகப் பணம் கட்டுகிற வழி அது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் தேடும் நிம்மதிக்குப் பத்தாயிரம் தேவையில்லை.

இப்போது மகள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘உங்க இஷ்டம்’ என்பதை அவளுடைய அலட்சியமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் எழுதியதை வைத்தே பாருங்கள்: விண்ணப்பம் போட்டது மாமா, போன் நம்பர் மாமாவுடையது, பாஸ்வேர்டு மாமாவிடம், பட்டியல் மாமா தயாரித்தது. ஓ.டி.பி. வந்தால் அதுகூடச் சென்னையில்தான் ‘டிங்’ என்று ஒலிக்கும். 62 வரி வாசித்து முடித்த பிறகு, ‘வேற ஏதாவது?’ என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பந்தி முடிந்து இலையை மடித்த பிறகு, ‘இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா?’ என்று கேட்கிற மாதிரி அது.

அந்தப் பதிலில் அவளுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. நாளைக்கு ஒத்துவராமல் போனால், தப்பு அவளுடையது ஆகாது. முதலாம் ஆண்டிலேயே நாலு பேப்பர் அரியர் வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளிடம், ‘ஏன் இந்தக் கோர்ஸ் எடுத்தாய்?’ என்று கேட்டால் பலரும் சொல்வது, “நான் எங்க மேடம் எடுத்தேன்? அவங்க போட்டாங்க.” குரலில் வருத்தத்தைவிட ஒரு விடுதலைதான் அதிகம் தெரியும். உங்கள் மகள் இப்போதே அதற்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். ‘இன்னும் பத்து மார்க்’ பேச்சும் அதற்கு உரம் போடுகிறது. வந்த மார்க் வந்ததுதான், அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். மகளைப் பற்றி எழுதும்போது உங்கள் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. 2001-க்குப் போனதும் ஒரே வாக்கியம் நிற்காமல் ஓடுகிறது. பஸ் காசு, திண்ணை, பெரியப்பா எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறார்கள். இந்த விண்ணப்பத்தில் இரண்டு பேர் சேரப் பார்க்கிறீர்கள், சகோதரி. அதில் ஒருவர் 24 வருஷமாகக் காத்திருக்கிறார். தேதி தவறிவிடும் என்ற பயத்தில்தான் தம்பியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு நடந்தது வேறு. உங்களைக் கூட்டிப்போக ஆள் கிடைக்கவில்லை. இன்று கவுன்சிலிங்குக்குச் சென்னை போகவே வேண்டாம். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன்தான். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். கூட்டிப்போக ஆள் இல்லையே என்ற கவலை இவளுக்கு இல்லை. நாம் எல்லாரும் கொஞ்சம் பின்னால் தள்ளி நடந்தால் போதும் என்றுதான் நினைப்பாள்.

அவளைப் பேசவைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அந்தச் சாய்ஸ் பட்டியல்தான். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்பது பெரிய கேள்வி. 42 வயதில் என்னாலும் அதற்குப் பதில் சொல்ல முடிந்திருக்காது. ‘இந்த ரெண்டில் எது மேலே?’ என்பது சின்னக் கேள்வி.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பது பல வீடுகளில் தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன். கவுன்சிலிங்கின் ஒரு சுற்றில் இருப்பவர்களை ரேங்க் வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மகளின் முறை வரும்போது, அவள் போட்ட முதல் சாய்ஸில் பொதுப் பிரிவிலோ அவள் சமூகப் பிரிவிலோ இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. எங்கே முதலில் இடம் இருக்கிறதோ அது அவளுக்கு. ஆகவே கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று ஒன்றை மேலே போட்டுவிட்டு, மனசுக்குப் பிடித்ததைக் கீழே போடுவதில்தான் நஷ்டம். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே பார்க்கவே மாட்டார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். 62-ஐ நூறாக்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. வரிசைதான் முக்கியம். அந்த வரிசை அவளுடையதாக இருக்கட்டும்.

தம்பியின் எக்செல்லைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்ற விவரம் அதில் இருக்கும், அது தங்கம். அதிலிருந்து முப்பது பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத பாடங்களையும் ஒரு பத்துப் பதினைந்து சீட்டு சேருங்கள்: சிவில், இ.சி.இ., டெக்ஸ்டைல், உணவுத் தொழில்நுட்பம், எது வேண்டுமானாலும். நாலைந்தில் கலைக் கல்லூரிப் படிப்புகளை எழுதுங்கள், பி.எஸ்சி. கணிதம், பி.காம்., பி.ஏ. தமிழ் என்று. அரசு கலை அறிவியல் கல்லூரிக்குத் தனி விண்ணப்பம் உண்டு. அதையும் போட்டுவைப்பதில் தப்பில்லை, தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுகளைத் தரையில் பரப்பிவிட்டு, அவளை வரிசையாக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுங்கள், வெங்காயம் உரியுங்கள். ‘ஏன்?’ என்று மட்டும் உடனே கேட்காதீர்கள். ஒரு சீட்டைத் தூக்கி ஓரமாக வைத்தால் அதுவும் பதில்தான். முதல் நாள் ‘உங்க இஷ்டம்’ என்றே சொல்லிவிட்டு எழுந்து போவாள். சீட்டுகள் அங்கேயே கிடக்கட்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் சீட்டுகள் இடம் மாறியிருந்தன. யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அந்த அம்மாவின் சாமர்த்தியம்.

தறி விஷயத்துக்கு வருகிறேன். நடுராத்திரியில் நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவே எது அறுந்தது என்று கண்டுபிடித்து முடிச்சுப் போட்டு ஓடவிட்டிருக்கிறாள். அது அக்கறை மட்டும் இல்லை. கண், விரல், பொறுமை, எந்திரத்தைக் கண்டு பயப்படாத குணம் எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக, ‘ஆஹா, இவள் டெக்ஸ்டைல் படிக்கப் பிறந்தவள்’ என்று நாளைக்கே அந்தச் சீட்டைத் தூக்கி முதலில் வைத்துவிடாதீர்கள்! மாமா எழுதியதற்குப் பதிலாக ஆலோசகர் எழுதிய பட்டியல் ஆகிவிடும். “அன்னிக்கு ராத்திரி அந்த இழையை எப்படிம்மா கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். மார்க்கோடு சம்பந்தமில்லாத கேள்வியை இந்த மாதத்தில் யாராவது அவளிடம் கேட்டிருப்பார்களா என்றே சந்தேகம்.

முடிந்தால் ஒரு நாள், பக்கத்தில் இருக்கிற இரண்டு கல்லூரிகளுக்கு அவளோடு பஸ்ஸில் போய் வாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஹாஸ்டல் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, சீனியர் அக்காக்கள் லேப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று அவளையே விசாரிக்கவிடுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் ஆங்கிலம் ஒரு பெரிய பயம். அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவாள். அங்கே தன்னைப் போல் வந்து படிக்கிற ஒருத்தியிடம் கேட்டுக்கொள்வாள்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். 7.5 சதவீத இடஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளையும் சேர்த்திருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் கேளுங்கள்.

தோழிகள் குரூப்பிலிருந்து வெளியே வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசல்ட் நேரத்தில் ‘உனக்கு எவ்வளவு?’ என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கப் பல பிள்ளைகள் இதைச் செய்வார்கள். ஆனால் சாப்பாடும் தூக்கமும் குறைந்து இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை என்றாலோ, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லாயிருக்கும்’ என்கிற மாதிரி பேசினாலோ தள்ளிப்போடாதீர்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 104, 14416 என்ற இரண்டு உதவி எண்களிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாகத் தம்பி. அவர் நல்லதுதான் செய்தார், அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள்: “நீ போட்டுக்கொடுத்த விவரம் இல்லைன்னா நாங்க தடுமாறியிருப்போம். இனி பாஸ்வேர்டை அவளே வச்சிக்கட்டும், சந்தேகம்னா உன்கிட்டதான் கேப்பா.” போன் நம்பரை உங்கள் வீட்டு நம்பருக்கு மாற்ற முடியுமா என்று பக்கத்தில் இருக்கும் கவுன்சிலிங் உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், ஓ.டி.பி. வந்தவுடன் அவளுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். பட்டியலை உறுதிசெய்து லாக் செய்கிற பட்டனை அவள் அழுத்தட்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு ஏற்பதா, இன்னும் மேலே காத்திருப்பதா என்று முடிவெடுக்க ஓரிரு நாள்தான் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் நாலு பேர் நாலு திசையில் இழுக்காமல் இருக்க, யார் முடிவு செய்வது என்று இப்போதே பேசிவைத்துவிடுங்கள்.

பீரோவில் இருக்கும் அந்தத் தபாலை அவள் பார்த்திருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாள் எடுத்துக் காட்டுங்கள். ‘அதனால நீ’ என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் அப்போது சொல்லாதீர்கள். அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் மடித்து வைத்துவிடுங்கள். ரேங்க் லிஸ்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவளே எழுதினாலும் சரி.